கடைத்தெருவுக்கு வழி கேட்டவர்

ஹிஜ்ரத்துச் செய்து மதீனா வந்து சேர்ந்த முஹாஜிர்களுள் பலர் உடுத்திய உடையோடு வந்தவர்கள். மக்காவில் வீடும் வாசலும் தோட்டமும் தொழிலும் கொண்டு வாழ்ந்தவர்கள், ஈமானைக் காக்கும் பொருட்டு அனைத்தையும் அங்கேயே விட்டுவிட்டுப் புறப்பட்டவர்கள். கி.பி. 622ஆம் ஆண்டில் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர், குறைஷிக் குலத்தின் ஸுஹ்ராக் கிளையில் பிறந்த ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். அப்போது அவர்களுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. புதிதாகப் பிழைப்பைத் தொடங்கும் வயதன்று அது.

அன்னாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அப்து அம்ரு. ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் அழைப்பை ஏற்று, இஸ்லாத்தில் முதன்முதலாக இணைந்த ஒரு சிலருள் ஒருவரானார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அப்பெயரை மாற்றி, அளவற்ற அருளாளனின் அடியார் என்னும் பொருளில் அப்துர் ரஹ்மான் எனப் பெயரிட்டார்கள். குறைஷியரின் கொடுமை தாளாமல் 615ஆம் ஆண்டில் கடல் கடந்து அபிசீனியா சென்ற கூட்டத்திலும் அவர்கள் இருந்தார்கள். ஆகவே ஊரையும் பொருளையும் விட்டுச் செல்வது அவர்களுக்குப் புதிதன்று. மதீனாவுக்கு வந்தது இரண்டாம் முறை.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஹாஜிர் ஒருவரையும் அன்ஸாரி ஒருவரையும் இணைத்துச் சகோதரர்களாக்கினார்கள். தொடக்க நாட்களில் அந்தச் சகோதரத்துவம் வெறும் வாய்ச்சொல்லாக இருக்கவில்லை. அன்ஸாரி இறந்தால் அவருடைய உறவினருக்கு முன்னதாக முஹாஜிர் சகோதரரே சொத்துக்கு வாரிசாகும் அளவுக்கு அது உறுதியாயிருந்தது. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக அமைந்தவர் கஸ்ரஜ் குலத்தைச் சேர்ந்த ஸஅது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள். மதீனாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர்.

ஸஅது (ரலி) அவர்கள் தம் புதிய சகோதரரிடம் ஒளிவு மறைவின்றிப் பேசினார்கள். அன்ஸாரிகளுள் தாமே மிகுந்த பொருள் உடையவரென்றும், தம் சொத்தில் சரிபாதியைப் பிரித்துத் தந்துவிடுவதாகவும் கூறினார்கள். அத்துடன் நிற்கவில்லை. தமக்கு இரு மனைவியர் இருப்பதாகவும், அவர்களுள் ஒருவரை விவாகவிலக்குச் செய்துவிடுவதாகவும், இத்தாக் காலம் முடிந்தபின் அப்பெண்மணியை மணந்துகொள்ளலாம் என்றும் சொன்னார்கள். இன்று படிக்கும்போது இந்த இரண்டாவது வாக்கு நமக்கு வியப்பையும் தயக்கத்தையும் ஒருங்கே தருகிறது. ஆயினும் சொன்னவரின் உள்ளத்தில் கள்ளம் இல்லை. தம்மிடம் உள்ளது எதுவாயினும் அதில் பாதி அவருடையது என்பதே அந்த உள்ளத்தின் கணக்கு.

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள், ஸஅது அவர்களின் குடும்பத்திலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத்துச் செய்வானாக என்று துஆச் செய்தார்கள். பிறகு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: கடைத்தெரு எங்கே இருக்கிறது என்பதே. பனூ கைனுகாவினரின் சந்தைக்கு அவர்களுக்கு வழி காட்டப்பட்டது. ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ள இந்த நிகழ்ச்சியை நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிவர். ஆனால் அறிந்த கதையாயிருப்பதனாலேயே இதனைச் சற்று விரைவாகக் கடந்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது.

கொடுக்கப்பட்டதை மறுத்தார்கள் என்று மட்டும் இதனைக் கூறினால் அது பாதி உண்மையே ஆகும். மதீனாத் தோழர்களின் உதவியை ஏற்பது இழிவென்று அவர்கள் எண்ணியிருந்தால் சகோதரத்துவத்தையே மறுத்திருப்பார்கள். அதனை மறுக்கவில்லை. மற்ற முஹாஜிர்களும் சோம்பியிருந்தவர்கள் அல்லர். தங்கள் பேரீச்சந்தோட்டங்களைப் பங்கிட்டுத் தருமாறு அன்ஸாரிகள் வேண்டிக்கொண்டபோது, நபி (ஸல்) அவர்கள் மரங்களைப் பங்கிட இசையவில்லை. முஹாஜிர்கள் தோட்டங்களில் உழைப்பது, விளைச்சலில் பங்கு பெறுவது என்று ஏற்பாடாயிற்று. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில், கைபர் வெற்றிக்குப் பின், அன்ஸாரிகள் பயன்பாட்டுக்காகத் தந்திருந்த மரங்களை முஹாஜிர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனவே தன் காலில் நிற்க வேண்டும் என்ற வேட்கை அந்தச் சமூகம் முழுவதிலும் இருந்தது. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்கு மண்ணில் உழைத்துப் பழக்கமில்லை. வாங்கவும் விற்கவும் தெரியும். ஆகவே தமக்குத் தெரிந்த தொழில் நடக்கும் இடத்தைக் கேட்டார்கள். ஸஅது அவர்களிடமிருந்த பொருளைவிட ஸஅது அவர்களுக்குத் தெரிந்த வழியே அந்த நேரத்தில் அவர்களுக்குப் பயன்படுவதாயிருந்தது.

சந்தையில் அவர்கள் கையாண்ட சரக்கு நெய்யும் அகித்தும். அகித் என்பது பாலின் கொழுப்பை எடுத்தபின் எஞ்சுவதைக் காய்ச்சி, நீரை வடித்து, வெயிலில் கல்போல் உலர்த்தி எடுக்கும் தயிர்க்கட்டி. பாலைவனப் பயணிகளின் அன்றாட உணவு. மக்காவில் பெருவணிகம் கண்டவர்கள், மதீனாவில் நெய்யும் தயிர்க்கட்டியும் விற்கக் கூச்சப்படவில்லை. காலையில் செல்வார்கள். விற்றதில் மிஞ்சிய சிறிதளவு அகித்தையும் நெய்யையும் மாலையில் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மறுநாளும் செல்வார்கள்.

சில நாட்கள் சென்றன. ஒரு நாள் அவர்கள் அண்ணலாரின் சமூகத்துக்கு வந்தபோது ஆடையில் வாசனைப் பொருளின் மஞ்சள் சாயல் தெரிந்தது. அது மணமக்கள் பூசிக்கொள்வது. அண்ணலார் விசாரித்தார்கள். அன்ஸாரிப் பெண்மணி ஒருவரை மணந்துகொண்டதாகத் தெரிவித்தார்கள். மஹர் என்ன கொடுத்தீர் என்று அண்ணலார் வினவ, ஒரு பேரீச்சங்கொட்டை எடையளவு பொன் என்று பதில் வந்தது. ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்தளிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிறர் கொடுத்த பாதிச் சொத்து அன்று. தாமே தேடிய பேரீச்சங்கொட்டை அளவு பொன். மதீனாவில் அவர்கள் அமைத்த இல்லத்துக்கு அதுவே கால்கோள்.

அவர்களின் வாணிப முறை பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் ஒரு செய்தி காணப்படுகிறது. இவ்வளவு செல்வம் சேர்ந்த காரணத்தை ஒருவர் கேட்டபோது, அவர்கள் மூன்று பழக்கங்களைச் சொன்னார்களாம். எவ்வளவு சிறிய இலாபமாயினும் தள்ளியதில்லை. யாரேனும் ஒரு பிராணியை விலைக்குக் கேட்டால் விற்பதைத் தாமதித்ததில்லை. கடனுக்கு விற்றதில்லை. ஒருமுறை ஆயிரம் ஒட்டகங்களை வாங்கிய விலைக்கே விற்றார்கள். அவற்றைக் கட்டியிருந்த கயிறுகள் மட்டுமே கையில் மிஞ்சின. கயிறு ஒன்று ஒரு திர்ஹம் வீதம் ஆயிரம் திர்ஹம் வந்தது. அன்றைய தீவனச் செலவு இன்னோர் ஆயிரம் திர்ஹம் மீதமாயிற்று. ஆக ஒரே நாளில் இரண்டாயிரம்.

கயிற்றில் இலாபம் காண்பது கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்கலாகாது. விலையை ஏற்றிக் கேட்டு, ஒட்டகங்களை இன்னும் பத்து நாள் கட்டிவைத்துத் தீவனம் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை வணிகம் அறிந்தோர் கணக்கிட்டுக் கொள்ளலாம். கடனுக்கு விற்காமையும் அப்படியே. பேரேட்டில் நிலுவை எழுதி எழுதியே கைமுதலைத் தொலைத்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொறுமையாகச் சேர்த்த காசைப் பேராசையினாலோ தயவு தாட்சண்யத்தினாலோ சிதறவிடாத மனம் அவர்களுக்கு வாய்த்திருந்தது.

மக்காவில் விட்டுவந்த பொருளையும் அவர்கள் அடியோடு கைவிட்டுவிடவில்லை. குறைஷித் தலைவர்களுள் ஒருவனான உமய்யா இப்னு கலஃப் என்பவன் அவர்களின் பழைய நண்பன். மக்காவில் உள்ள இவர்களின் பொருளை அவன் காப்பது, மதீனாவில் உள்ள அவன் பொருளை இவர்கள் காப்பது என்று இருவரும் எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதில் அப்துர் ரஹ்மான் என்று எழுதியபோது உமய்யா மறுத்தான். ரஹ்மான் யாரென்றே தனக்குத் தெரியாது, பழைய பெயரையே எழுது என்றான். அப்து அம்ரு என்றே எழுதப்பட்டது. ஊரும் கொள்கையும் வேறாகிவிட்ட பின்னும் பொருளின் பொருட்டு ஒரு பழைய பெயர் இவ்வாறு எஞ்சி நின்றது.

அந்த நூலும் பத்ருக் களத்தில் அறுந்தது. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, கி.பி. 624. போர் முடிந்த வேளையில் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள், தாம் கைப்பற்றிய கவசங்களைச் சுமந்துகொண்டு வந்தார்கள். உமய்யாவும் அவன் மகனும் எதிர்ப்பட்டனர். கவசங்களைவிடத் தங்களைச் சிறைபிடிப்பதே இலாபம் என்று உமய்யா கூற, கவசங்களை எறிந்துவிட்டு அவ்விருவரையும் கைப்பிடித்து நடத்திச் சென்றார்கள். ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் கண்ணில் அது பட்டுவிட்டது. மக்காவில் தம்மைச் சுடுமணலில் கிடத்தி மார்பில் பாறையை ஏற்றி வதைத்த கொடியவன் உயிரோடு தப்புவதா என்று அவர்கள் அன்ஸாரிகளைக் கூவி அழைத்தார்கள். கூட்டம் சூழ்ந்துகொண்டது. பருத்த உடலினனான உமய்யாவால் ஓட முடியவில்லை. அவனைக் குனியச் சொல்லி, அவன்மேல் தாமே கவிழ்ந்து விழுந்து காக்க முயன்றார்கள் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள். வாள்கள் அவர்களின் உடலுக்குக் கீழே நுழைந்து உமய்யாவைக் கொன்றன. ஒரு வாள் அவர்களின் பாதத்தையும் வெட்டிற்று. கவசங்களும் போயின, கைதிகளும் போயினர். பிற்காலத்தில் பாதத்தின் தழும்பைக் காட்டி இதனைச் சொல்லும்போது, பிலாலுக்கு அல்லாஹ் அருள் புரிவானாக என்று வேண்டிக்கொண்டே தம் இழப்பைச் சொல்வார்களாம். கொடுத்த வாக்கைக் காக்க உயிரையே பணயம் வைத்ததும், தமக்கு இழப்பை உண்டாக்கியவருக்காக துஆச் செய்ததும் ஒரே மனிதர்தாம்.

மறு ஆண்டு உஹுத். அப்போரில் அவர்கள் இருபதுக்கு மேற்பட்ட காயங்கள் பெற்றார்கள். முன்பற்களை இழந்தார்கள். காலில் பட்ட காயம் ஆயுள் முழுவதும் அவர்களைச் சற்றே சாய்ந்து நடக்கச் செய்தது. அதே உஹுதில், பாதிச் சொத்தைத் தர முன்வந்த ஸஅது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். போர் ஓய்ந்ததும் அவர்களைத் தேடி வருமாறு நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பினார்கள். வீழ்ந்தவர்களிடையே இறுதி மூச்சோடு கிடந்த ஸஅது அவர்கள், அண்ணலாருக்கு ஸலாம் சொல்லி அனுப்பிவிட்டுக் கண் மூடினார்கள்.

அடுத்து நடந்ததைத் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஸஅது அவர்களின் விதவை தம் இரு பெண்மக்களோடு அண்ணலாரிடம் வந்து முறையிட்டார். தந்தை உஹுதில் உயிர் நீத்தார். தந்தையின் சகோதரரோ அனைத்துச் சொத்தையும் எடுத்துக்கொண்டார். பொருளின்றி இப்பெண்களுக்குத் திருமணம் எவ்வாறு நடக்கும் என்பதே அத்தாயின் குறை. பெண்களுக்குச் சொத்தில் உரிமை இல்லாதிருந்த நாட்டில் அந்த மனிதர் செய்தது ஊர் வழக்கத்துக்கு மாறானதும் அன்று. அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என்று அண்ணலார் கூறினார்கள். வாரிசுரிமை பற்றிய திருவசனம் அருளப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் சகோதரரை அழைத்து, மூன்றில் இரண்டு பங்கைப் பெண்மக்களுக்கும், எட்டில் ஒரு பங்கை அவர்களின் தாய்க்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டார்கள். முஹாஜிரும் அன்ஸாரியும் ஒருவருக்கொருவர் வாரிசாகும் தொடக்ககால விதியும் நீக்கப்பட்டு, இரத்த உறவே வாரிசுரிமைக்கு அடிப்படையாயிற்று.

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் வாணிபமோ நாளுக்கு நாள் பெருகியது. நெய்ச் சந்தையில் தொடங்கியவர்களின் ஒட்டக வரிசைகள் சிரியாவிலிருந்து சரக்கு சுமந்து வந்தன. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் தூமத்துல் ஜந்தலுக்குச் சென்ற படைக்கு அவர்களே தலைவர். அண்ணலார் தம் திருக்கரத்தால் தலைப்பாகை கட்டி அனுப்பிவைத்தார்கள். அங்கே கல்பு குலத் தலைவரின் மகளார் துமாளிர் அவர்களை மணந்தார்கள். மதீனாவின் புகழ்பெற்ற மார்க்க அறிஞர் அபூ ஸலமா (ரஹ்) அந்த அம்மையாரின் மைந்தரே.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில், தபூக் படையெடுப்புக்கு முன், நாடு வறட்சியில் வாடியிருந்த வேளையில் நிதி திரட்டப்பட்டது. தம்மிடமிருந்த எட்டாயிரம் திர்ஹத்தில் நாலாயிரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பர் தஃப்ஸீர் ஆசிரியர்கள். ஏழைத் தோழர் ஒருவர் இரவெல்லாம் நீரிறைத்துப் பெற்ற கூலியில் ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். நயவஞ்சகர்கள் இருவரையும் விடவில்லை. மிகுதியாகக் கொடுத்தவர் பகட்டுக்காகக் கொடுத்தார் என்றனர். சிறிது கொடுத்தவரின் பழம் அல்லாஹ்வுக்குத் தேவையா என்று எள்ளினர். அவர்களைக் கண்டித்து அத்தவ்பா அத்தியாயத்தில் 79ஆம் வசனம் இறங்கிற்று. அந்தப் பயணத்தின்போதுதான் ஒரு நாள் அண்ணலார் வரச் சற்றுத் தாமதமாக, மக்கள் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களை முன்னிறுத்தி சுபுஹுத் தொழத் தொடங்கிவிட்டனர். பின்னே வந்த நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்று ஒரு ரக்அத் தொழுதார்கள். நெய் விற்றவர்களுக்குக் கிடைத்த இந்தப் பேற்றை எந்தச் செல்வத்தோடும் ஒப்பிட முடியாது.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திச் செல்ல வேண்டும். எழுநூறு ஒட்டகங்கள் கொண்ட அவர்களின் வணிகக் கூட்டம் மதீனாவுக்குள் நுழைந்தபோது ஊரே அதிர்ந்ததாகவும், செல்வத்தின் காரணமாக அவர்கள் சுவனத்தில் தவழ்ந்து நுழைவார்கள் என்று முன்னறிவிக்கப்பட்டதைக் கேட்டு அனைத்தையும் தானம் செய்ததாகவும் ஒரு கதை மேடைகளில் அடிக்கடி கூறப்படுகிறது. தவழ்தல் பற்றிய அந்த அறிவிப்பை ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஏற்கவில்லை. இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அதனைப் புனைந்துரைகளின் தொகுப்பிலே சேர்த்துவிட்டார்கள். ஹலாலான வழியில் ஈட்டி, வாரி வழங்கிய ஒரு ஸஹாபியை, சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவரை, பணம் இருந்த குற்றத்துக்காகத் தவழவிடுவது பொருத்தமாகவும் இல்லை.

ஆயினும் செல்வத்தைப் பற்றிய அச்சம் அவர்களிடம் இல்லாமலில்லை. அது வேறொரு நிகழ்ச்சியில் வெளிப்படுகிறது. புகாரியில் உள்ள செய்தி இது. நோன்பு நோற்றிருந்த ஒரு நாள் மாலை அவர்களின் முன் உணவு வைக்கப்பட்டது. உணவைக் கண்டதும் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. தம்மைவிடச் சிறந்தவரான முஸ்அப் உஹுதில் ஷஹீதானபோது கபனிட ஒரே ஒரு துணிதான் இருந்தது, தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது என்று நினைவுகூர்ந்தார்கள். ஹஜ்ரத் ஹம்ஸா (ரலி) அவர்களையும் நினைத்தார்கள். தங்கள் நற்செயல்களுக்கான கூலி இம்மையிலேயே முன்கூட்டித் தரப்பட்டுவிட்டதோ என்ற கலக்கம் எழுந்தது. அழத் தொடங்கியவர்கள் உணவைத் தொடாமலே விட்டுவிட்டார்கள்.

அந்த அழுகையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவர்களின் கொடைகள் விளங்கும். தம் நிலமொன்றை ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களுக்கு நாற்பதாயிரம் தீனாருக்கு விற்று, முழுத் தொகையையும் தம் குலத்து ஏழைகளுக்கும் மற்ற வறியோருக்கும் உம்மஹாத்துல் முஃமினீன்களுக்கும் பங்கிட்டார்கள். நாலு இலட்சம் பெறுமான தோட்டமொன்றை அண்ணலாரின் மனைவியருக்கென வஸிய்யத்துச் செய்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சுவனத்து ஸல்ஸபீல் ஊற்றிலிருந்து அல்லாஹ் அவர்களுக்கு நீர் புகட்டுவானாக என்று துஆச் செய்தார்கள். பணியாட்களோடு நடந்து செல்லும்போது உடையைக் கொண்டு எவர் எஜமானர் என்று அடையாளம் காண முடியாது என்றும் எழுதுகின்றனர்.

கி.பி. 644இல் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் குத்துண்டு மரணப்படுக்கையில் இருந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க அறுவர் நியமிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் தம் உரிமையை முதலில் விட்டுக்கொடுத்தார்கள். பிறகு உறக்கமின்றி மதீனா மக்களிடம் கருத்துக் கேட்டு உஸ்மான் (ரலி) அவர்களைத் தேர்ந்தார்கள். அன்று வேண்டாம் என்று விலகியது ஒரு பேரரசின் தலைமையை.

ஹிஜ்ரி 32ஆம் ஆண்டில், கி.பி. 652 அளவில், மதீனாவில் வஃபாத்தாகி ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பத்ரில் கலந்துகொண்டு அன்று உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் நானூறு தீனார் கொடுக்குமாறு வஸிய்யத்துச் செய்திருந்தார்கள். செல்வரான உஸ்மான் (ரலி) அவர்களும், இது ஹலாலான பொருள், பரக்கத்தான பொருள் என்று கூறித் தம் பங்கைப் பெற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவும் போக எஞ்சியவை ஆயிரம் ஒட்டகங்கள், மூவாயிரம் ஆடுகள், நூறு குதிரைகள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஜுர்ஃப் என்னுமிடத்தில் இருபது ஒட்டகங்களைக் கொண்டு நீரிறைத்துப் பயிரிட்ட நிலமும் இருந்தது. தங்கக் கட்டிகளைக் கோடரியால் வெட்டிப் பங்கிட்டவர்களின் கைகள் கொப்புளித்துப் போயினவாம். மனைவியர் நால்வர் இருந்தனர். பிள்ளைகள் உள்ள கணவரின் சொத்தில் மனைவியருக்குரிய எட்டில் ஒன்றை நான்காகப் பகுத்தார்கள். அதில் ஒருவருக்கு வந்தது எண்பதாயிரம் என்றும் ஒரு இலட்சம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அந்த எட்டில் ஒன்று, இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஸஅது இப்னு ரபீஃ (ரலி) அவர்களின் விதவைக்கு அண்ணலார் வாங்கித் தந்த அதே பங்கு.